படிக்காமலே ‘அருமை’ என்று அனுப்பிவிட்டேன்

ஒரு மாதமாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று சிலர் போன் போட்டுக் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அறுபத்தாறு வயதில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனால் இதில் என் தப்பு இரண்டு இருக்கிறது. சொல்லாமல் விட மனசு வரவில்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஊரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். 2020 ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே பைத்தான் கற்றுக்கொண்டான். பைத்தான் என்பது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழிகளில் ஒன்று, 1991-இல் முதன்முதலில் வெளிவந்தது. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். இப்போது சனி, ஞாயிறு சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைக் கடையில் உட்காரவைத்து, இரண்டு பழைய கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறான். காசு வாங்குவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத் தமிழிலேயே பத்துப் பாடம் எழுதி, பிடிஎஃப் ஆக்கி எனக்கு அனுப்பினான். “டீச்சர், படிச்சுப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

நான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். தமிழில் பிழை இல்லை, சந்தி கூடச் சரியாகப் போட்டிருந்தான். நாம் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை என்று எனக்கே ஒரு பெருமை. “அருமை தம்பி, வாழ்த்துகள்” என்று எழுதி, இரண்டு கைதட்டலையும் ஒட்டி அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “எந்தப் பாடம் டீச்சர் நல்லா இருந்துச்சு?”

என்ன சொல்வது? முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தவள் நான். படிக்காமல் கையெழுத்துப் போட்ட நாளும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அதையெல்லாம் யாரும் கண்டுபிடித்ததில்லை. இவன் கண்டுபிடித்துவிட்டான். அவனுக்கு நக்கல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் இன்னும் சுட்டது.

தப்பிக்க ஒரு வழி பார்த்தேன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அனுப்பி, “கண்ணு, விஷயம் தெரிந்தவன் நீ, பார்த்துச் சொல்லு” என்றேன். அவனும் பாவம், ராத்திரி உட்கார்ந்து படித்து, 23 குறிப்பு எழுதி அனுப்பினான். அதையும் நான் திறந்து பார்க்காமல் அப்படியே பையனுக்குத் தள்ளிவிட்டேன். முதல் தப்பை மறைக்கப் போய் இரண்டாவது தப்பு.

பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு போன் வந்தது. “சாருக்கு நன்றி சொல்லிடுங்க டீச்சர். இதெல்லாம் நான் எழுதியிருக்கவே கூடாதுன்னு புரிஞ்சுபோச்சு. பிள்ளைங்ககிட்ட கொடுத்த பிரின்ட்டைத் திரும்ப வாங்கிட்டேன்.” வகுப்பு? “ரெண்டு வாரமா இல்லை டீச்சர். தப்புத் தப்பாச் சொல்லிக்கொடுக்கிறதுக்குப் பதிலா சும்மா இருக்கலாம்.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் அக்கா மகனும் அந்தப் பையனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வகுப்பை மூடிவிட்டோம். மறுநாள் காலையில் பேத்தியின் லேப்டாப்பைக் கேட்டு வாங்கினேன்.

ஒன்று முடிவு செய்துகொண்டேன். பாடத்தை வாசிக்கக் கூடாது, செய்ய வேண்டும். அவன் எழுதியதைத் தவிர வேறு யாரிடமும் கேட்கக் கூடாது. எங்கே நிற்கிறேனோ அங்கே நோட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: நான் என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது.

முதல் பாடத்தில் முதல் வரியே, “பைத்தானை நிறுவிக்கொள்ளுங்கள்.” ஒரே வரி. நிறுவினேன். அவன் சொன்னபடி கறுப்புத் திரையில் பைத்தான் என்று தட்டினால், மைக்ரோசாஃப்ட் கடையைத் திறந்து காட்டுகிறது. ஏதோ காசு கேட்கிறது போல என்று பயந்து மூடிவிட்டேன். அரை நாள் போனது. நிறுவும்போது முதல் சன்னலின் அடியில் ‘பாத்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட வேண்டுமாம். (இதை மட்டும் பேத்தி சொன்னாள். விதியை மீறினேன், ஒப்புக்கொள்கிறேன்.) அவன் கடைக் கம்ப்யூட்டரில் எப்போதோ நிறுவியாகிவிட்டது, அதனால் அவனுக்கு அந்தக் கட்டம் நினைவிலேயே இல்லை.

அடுத்தது ‘வணக்கம்’ என்று திரையில் வரவைப்பது. பிடிஎஃப்பிலிருந்து அப்படியே நகல் எடுத்து ஒட்டினேன். சின்டாக்ஸ் எரர். நாலு தடவை ஒட்டினேன், நாலு தடவையும் அதேதான். பாடத்தில் இருக்கும் மேற்கோள் குறியையும் விசைப்பலகையில் இருக்கும் மேற்கோள் குறியையும் பூதக்கண்ணாடி இல்லாத குறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. வேர்டில் தட்டும்போது அது தானாகவே குறியை அழகாக வளைத்துவிடுகிறது. பைத்தானுக்கு நேர்க்குறிதான் தெரியும், வளைந்த குறி ஆகாது. கடையில் பிள்ளைகள் கையால் தட்டுகிறார்கள், நகல் எடுப்பதில்லை. அதனால் இது அவன் கண்ணில் படவே இல்லை. பாடத்தை வீட்டுக்கு எடுத்துப் போகும் பிள்ளை இங்கேயே விழுந்துவிடும்.

இரண்டாம் பாடத்தில் ‘சமக்குறி என்றால் சமம்’ என்று எழுதியிருந்தான். அடுத்த பக்கத்தில் எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்தும் ஆறும் சமமா? கணக்கு டீச்சரிடமா இந்தக் கதை? வலது பக்கம் இருப்பதை முதலில் கணக்குப் பார்த்து, வந்த விடைக்கு இடது பக்கம் இருக்கும் பெயரை வை என்பதுதான் அந்தக் குறிக்கு அர்த்தம். நான் மூன்றாம் பாடம் வரை போய்த் திரும்பி வந்துதான் அதை விளங்கிக்கொண்டேன்.

நாலாம் பாடம்தான் முக்கியம். இரண்டு எண்ணை வாங்கிக் கூட்டிச் சொல்ல வேண்டும். எண்ணை வாங்கும் ‘இன்புட்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘ஈவால்’ என்று இன்னொரு சொல்லையும் போட்டு, “இதை அப்படியே எழுதுங்கள், பிறகு புரியும்” என்று சொல்லியிருந்தான். நான்தான் பிடிவாதக்காரி ஆயிற்றே. புரியாததை ஏன் எழுத வேண்டும் என்று அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஓட்டினேன். ஐந்தும் மூன்றும் கொடுத்தேன். விடை 53.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பேத்தி ஓடிவந்து, “என்ன அம்மாச்சி?” என்றாள். ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை இப்படித்தான் செய்யும். ஐந்தையும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, கூட்டிவிட்டேன் டீச்சர் என்று சிலேட்டைத் தூக்கிக் காட்டும். கம்ப்யூட்டரும் அதையேதான் செய்திருக்கிறது. நாம் தட்டுவது எதுவானாலும் அதற்கு அது எழுத்துச் சரம்தான். எண் என்று நாம் சொன்னால்தான் அது எண்.

ஆறாம் பாடத்தில் வாய்ப்பாடு. ‘ஒன்று முதல் பத்து வரை’ என்று எழுதி, பத்து வரி விடையும் அச்சில் இருக்கிறது. என் திரையில் ஒன்பது வரிதான் வருகிறது. ‘ரேஞ்ச்’ என்ற சொல்லுக்கு ஒன்று, பத்து என்று கொடுத்தால் அது ஒன்பதோடு நின்றுவிடுமாம். பத்து வேண்டுமானால் பதினொன்று என்று கொடுக்க வேண்டும். அவன் விடையை ஓட்டிப் பார்த்து ஒட்டவில்லை, மனசிலிருந்து எழுதியிருக்கிறான். நானும் கரும்பலகையில் இப்படிச் செய்து ஒரு நான்காம் வகுப்புப் பெண்ணிடம் மாட்டியிருக்கிறேன்.

இவ்வளவையும் தாண்டி நான் ஆறாம் பாடம் வரை வந்ததற்குக் காரணம் ஐந்தாம் பாடம். அதில் எழுதியிருந்தான்: எரர் வந்தால் அது திட்டு இல்லை, கடைசி வரியை முதலில் படி, அங்கேதான் என்ன கோளாறு என்று இருக்கும், அதற்கு மேலே எத்தனையாவது வரியில் என்று இருக்கும். கூடவே நாலு எரருக்குத் தமிழில் விளக்கம். அதைப் படித்தபிறகுதான் எனக்குச் சிவப்பு எழுத்தைக் கண்டால் வந்த நடுக்கம் போனது. “எந்தப் பாடம் நல்லா இருந்துச்சு?” என்று கேட்டானே, அதற்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பாடம் ஐந்தாவதாக இருக்கக் கூடாது, முதல் பாடத்திலேயே வர வேண்டும் என்பதும் அந்தப் பதிலோடு சேர்த்தி.

பிறகுதான் அக்கா மகனின் 23 குறிப்பை எடுத்துவைத்துப் படித்தேன். பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்தவற்றில், பெயர்களை ஒற்றை எழுத்தில் வைக்காதே என்று ஒன்று. சொற்களை ஒட்டுவதற்கு ‘எஃப் ஸ்ட்ரிங்’ என்ற புது முறை 2016-லேயே வந்துவிட்டது, இன்னும் கூட்டல் குறி போட்டு ஒட்டுகிறாரே என்று ஒன்று. ‘விர்ச்சுவல் என்விரான்மென்ட்’ சொல்லவில்லை என்று ஒன்று. ஆங்கிலத்திலேயே படிக்கலாமே என்று ஒன்று. (இதற்கு அவனிடம் தனியாகப் பேசிக்கொண்டேன்.) ஏழாவதாக, “ஈவால் உபயோகித்திருக்கிறார். மோசமான பழக்கம்.” அவ்வளவுதான்.

போன் போட்டேன். “கண்ணு, இந்த 23-இல் பிள்ளைக்கு நிஜமாகவே கெடுதல் செய்வது எது?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஏழாவது சித்தி. அதைக் கண்டிப்பா மாத்தணும்.”

“மற்றது?”

“மற்றதெல்லாம்... போகப்போகத் தெரிஞ்சுக்கலாம்.”

விளக்கச் சொன்னேன். ‘ஈவால்’ என்பது எழுத்தை எண்ணாக்கும் கருவி இல்லையாம். நாம் தட்டுவது எதுவாக இருந்தாலும் அதைப் பைத்தான் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓட்டிவிடுமாம். எண் கேட்கிற இடத்தில் ஒரு குறும்புக்காரன் கோப்பை அழிக்கும் கட்டளையைத் தட்டினால், அழித்துவிடும். கடைக் கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பத்திர நகலும் கிடக்கும். எண் வேண்டுமானால் அதற்கென்றே ‘இன்ட்’ என்ற சொல் இருக்கிறது, எண்ணைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் அது எரர் காட்டி நின்றுவிடும்.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வந்தது, என் மேலேயும் சேர்த்து. 23-இல் ஒன்று விஷம், மீதி ருசி. உப்பு கொஞ்சம் தூக்கல், கொத்தமல்லி தூவியிருக்கலாம் என்கிற மாதிரி. எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே வரிசையில், ஒரே குரலில் எழுதினால் வாசிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கணக்குப் போட்டது, ‘23 தப்பு’ என்று. மூடிவிட்டான். மூடியதில் ஏழாவதும் சேர்ந்து மூடிப்போனது. எது தப்பு என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதே வரியில்தான் நானும் விழுந்திருக்கிறேன், கவனித்தீர்களா? தெரிந்தவனுக்கு அது ஆபத்தான சொல். தெரியாதவளுக்கு அது விளக்கப்படாத சொல். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து வைத்தால் பாடத்தை எப்படித் திருத்துவது என்று தானாகவே வந்துவிடுகிறது. முதலில் பிள்ளைகளை 53 வரவைக்க விடு, சிரிக்கட்டும். ஏன் 53 என்று கேள். பிறகு ‘இன்ட்’டைக் கொடு. ஈவால் பக்கமே போகவேண்டாம்.

இன்னொரு குறிப்பைப் பற்றியும் அவனோடு சண்டை போட்டேன். பாடத்தில் பையன் மாறியைப் ‘பெட்டி’ என்று சொல்லியிருந்தான், பெட்டிக்குள் எண்ணை வைக்கிறோம் என்று. அக்கா மகன், “தவறு. பைத்தானில் அது பெட்டி இல்லை, பொருளின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு” என்று எழுதியிருந்தான். நான் கேட்டேன், “சரி, எந்தப் பாடத்தில் அந்தப் பெட்டி உடையும்?” அவன் பத்துப் பாடத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் பாடத்தில் ‘லிஸ்ட்’ வரும்போது என்றான். ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டு, ஒரு பெயரில் போய் மாற்றினால் இன்னொரு பெயரிலும் மாறியிருக்கும். பெட்டி என்று படித்த பிள்ளைக்கு அங்கே தலை சுற்றும். அப்படியானால் எழுதவேண்டிய குறிப்பு, ‘பெட்டி தவறு’ என்பது இல்லை. ‘எட்டாம் பாடம் வரை பெட்டி தாங்கும், ஒன்பதாம் பாடம் தொடங்கும்போது பெயர்ச்சீட்டுக்கு மாற்றிக்கொள்’ என்பது. நாமும் சின்ன வகுப்பில் மூன்றிலிருந்து ஐந்து போகாது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். ஆறாம் வகுப்புக்குப் போனால் போகும்!

2007-இல் செயல்வழிக் கற்றல் எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு வந்தபோது கற்றல் ஏணி என்று சுவரில் மாட்டினோமே, அந்த வருஷப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு குழந்தையும் அதனதன் படியில் நிற்கும், அட்டையை எடுத்துத் தானே செய்யும். ஒரு அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருந்தால், நாலைந்து குழந்தைகள் ஒரே இடத்தில் தேங்கிவிடும். எங்களுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய இடத்தைப் பார்த்தாலே அட்டையில் கோளாறு என்று தெரிந்துவிடும். புதிதாகக் கற்பவனுக்காக எழுதிய பாடத்தைச் சோதிக்க அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் வாசித்தால் இடைவெளியைத் தாண்டிப் போய்விடுவான், தாண்டினோம் என்பதே அவனுக்குத் தெரியாது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் ‘கிரிட்டிசிசம் கிளாஸ்’ என்று ஒன்று உண்டு. ஒருத்தி பாடம் நடத்த, மற்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுக்க வேண்டும். முதல் வாரம் நான் எழுதியது: ‘குரல் போதாது. கரும்பலகை வேலை சுமார்.’ எங்கள் விரிவுரையாளர் அம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்த நிமிடத்தில், எந்தச் சொல், கடைசி வரிசைக் குழந்தைக்குக் கேட்கவில்லை, அதை எழுது என்றார். அன்று எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. பின்னால், ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி என் பாடக்குறிப்பேட்டில் ‘மேம்படுத்தவும்’ என்று ஒரே சொல் எழுதி, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எதை மேம்படுத்த? ஓய்வு பெறும்வரை எனக்குத் தெரியவில்லை.

முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்று ஒரு முறை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், நடுவில் என்ன வருகிறது என்று தெரிந்துகொண்டு முதல் பாராட்டைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள். பாராட்டுக்கும் இடம், வரி சொல்லவேண்டும். ‘ஐந்தாம் பாடம் இல்லாவிட்டால் மூன்றாம் நாளே மூடியிருப்பேன்’ என்பது பாராட்டு. ‘அருமை’ என்பது நான் அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்பதற்கு இன்னொரு பெயர்.

அதற்காகத் தப்பை மழுப்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஈவாலை விடு என்று அவனிடம் கண்டிப்பாகத்தான் சொன்னேன். மனம் நோகும் என்று அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தப் பழக்கம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் போயிருக்கும்.

என் நோட்டிலிருந்து ஐந்தே ஐந்து விஷயம் எழுதி அனுப்பினேன். முதலில் ஈவால். பிறகு வளைந்த மேற்கோள் குறி, அந்த டிக் கட்டம், சமக்குறி விளக்கம், பத்தாவது வரி வராத வாய்ப்பாடு. ஒவ்வொன்றுக்கும் பாட எண், வரி, என் திரையில் வந்தது என்ன என்று. கடைசியில் ஐந்தாம் பாடத்தைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. ‘அருமை’ என்று பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அக்கா மகனையும் நேராக அவனோடு பேசச் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினார்களாம். பைத்தானில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், ‘மதிப்பெண்’, ‘மொத்தம்’ என்று எழுதினாலும் ஓடும் என்று இவன் சொல்ல, அவன் நம்பாமல் அங்கேயே ஓட்டிப் பார்த்தானாம். ஓடியிருக்கிறது. பெங்களூர்க்காரனுக்கு அது புது விஷயம்!

போன சனிக்கிழமை கடையில் மறுபடி வகுப்பு நடந்தது. ஆறு பிள்ளைகள் வந்தார்களாம். 53 வந்ததும் ஒரு குட்டிப்பெண், “கம்ப்யூட்டருக்குக் கணக்கு வராதா அண்ணா?” என்று கேட்டாளாம்.

இரண்டாம் பதிப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. புரோகிராம் பக்கமே போகாதவர்கள் நாலு பேர் வேண்டும். வங்கியில் இருப்பவர், தையல் தொழில் செய்பவர், என் வயசு அத்தைமார்கள், யாராக இருந்தாலும் சரி. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். எனக்குச் செய்தி அனுப்புங்கள், பாடத்தை அனுப்புகிறேன். செய்து பார்த்துவிட்டு எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள். சாஃப்ட்வேரில் இருக்கும் பிள்ளைகள் கொஞ்சம் பொறுங்கள், உங்கள் முறை அடுத்த மாதம். அப்போதும் ஆளுக்கு மூன்று குறிப்புக்கு மேல் வாங்கமாட்டேன், அதிலும் எது முதலில் என்று நீங்களே வரிசை போட்டுத்தான் தர வேண்டும்.

எனக்கு ஒன்பதாம் பாடம் பாக்கி இருக்கிறது. பேத்தி லேப்டாப்பைத் திருப்பிக் கேட்பதற்குள் முடிக்க வேண்டும்.